குறுக்கே ஒரு கம்பு

குடத்தில் பாதிக்குத்தான் தண்ணீர் இருந்தது.

என் தம்பி செல்லப்பாண்டி அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து என் முன்னால் நின்றான். புது மண்குடம். வெளிப்பக்கம் ஈரம் கசிந்து, அடியில் மணல் ஒட்டியிருந்தது. இருவருக்கும் தலை மழித்திருந்தார்கள். ஈர வேட்டி காலோடு ஒட்டிக்கொண்டு நடுக்கியது. டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில், விறகும் எருவும் அடுக்கிய மேட்டின்மேல் எங்கள் அய்யா படுத்திருந்தார்.

"என்னடா இது, பாதிக் குடம்?"

"கனக்கும்ணே. ஒன்னால தூக்க முடியாது. பேருக்கு இம்புட்டுத் தண்ணி போதும்."

"நெறைய ஊத்திட்டு வா."

"அண்ணே, சொன்னாக் கேளுண்ணே..."

"ஊத்திட்டு வாடா."

எங்கள் பக்கத்து வழக்கப்படி அப்பாவுக்கு மூத்த மகன் குடம் எடுக்க வேண்டும், அம்மாவுக்கு இளையவன். அம்மாவுக்குச் செல்லப்பாண்டி எடுத்தான். இன்றைக்கு என் முறை. குடத்தை இடது தோளில் வைத்துக்கொண்டு சிதையை இடமாக மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். சுற்றுக்கு ஒரு தடவை, பின்னால் வருகிறவர் அரிவாள் முனையால் குடத்தில் ஓட்டை போடுவார். தண்ணீர் பீச்சிக்கொண்டே வரும். கடைசியில் குடத்தைப் பின்பக்கமாகத் தவறவிட்டு, கொள்ளி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும்.

நடுவில் நிற்கக் கூடாது. குடத்தைக் கை மாற்றக் கூடாது. இரண்டில் ஒன்று நடந்தாலும் போகிறவருக்கு ஆகாது என்பார்கள். எனக்கு அதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அய்யாவுக்கு இருந்தது. போகிறவர் அவர்தானே.

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு என் காலைப் பற்றித் தெரியும். இந்த வாரம்தான் இதழைக் கையில் எடுத்தவர்களுக்காக இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன். என் கால் எப்போது நிற்கும் என்பது எனக்கே தெரியாது.

கிளம்பாத வண்டி

மதுரையில் ஒரு பள்ளியில் பணி ஓய்வு வரை இயற்பியல் சொல்லிக்கொடுத்தேன். "ஓய்வில் இருக்கும் பொருள், புறவிசை ஒன்று செயல்படும் வரை ஓய்விலேயே இருக்கும்." இதைப் பிள்ளைகள் கோரஸாகச் சொல்வார்கள். பாதிப் பேர் தூக்கத்திலேயே சொல்வார்கள்.

காளவாசல் சிக்னலில் டவுன் பஸ் சடாரென்று பிரேக் போட்டால், நிற்பவர் ஏன் முன்னால் நிற்பவர்மேல் போய் விழுகிறார் என்று ஒரு நாள் கேட்டேன். "கூட்டம் சார்" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது. அவன் சொன்னதும் ஒரு வகையில் சரிதான். ஆனால் நான் எதிர்பார்த்த பதில் நிலைமம். கால் பஸ்ஸோடு நின்றுவிடுகிறது, உடம்பு இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

இப்போது பஸ் இல்லாமலேயே அது எனக்கு நடக்கிறது.

முதலில் வலது கை ஆடியது. கரும்பலகையில் சாக்பீஸ் தானாகத் தட்டும். வயதாகிறது என்று நினைத்தேன். டாக்டர் பார்க்கின்சன் நோய் என்றார். அப்புறம் குரல் தேய்ந்தது. அதற்கும் அப்புறம் கால். நன்றாக நடந்துகொண்டே இருப்பேன். ஒரு கதவு வாசல், ஒரு திருப்பம், இல்லை ஒன்றுமே இல்லாத இடம், அங்கே பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மேலுடம்பு கிளம்பிவிடும். கால் கிளம்பாது.

நடப்பது என்றால் என்ன என்று நினைக்கிறீர்கள்? விழப் போய், விழாமல் தப்பிப்பதுதான் நடை. உடம்பை முன்னால் சாய்க்கிறோம், எடை பாதத்தைத் தாண்டிப் போகிறது, விழுவதற்குள் அடுத்த காலைக் கொண்டுபோய் முட்டுக் கொடுக்கிறோம். இதை வகுப்பில் நடந்தே காட்டியிருக்கிறேன். முட்டுக் கொடுக்க வேண்டிய கால் வராவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை.

நின்றுவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் உதவிக்கு ஓடி வருவார்கள். அதுதான் பெரிய உபத்திரவம். கையைப் பிடித்து இழுத்தால் மேலுடம்புதான் வரும். முதுகில் தள்ளினாலும் அதே கதைதான். சொந்தக்காரர் ஒருவர் முட்டிக்கு எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். என் முட்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று சொன்னால் மனுஷருக்குக் கோபம் வருகிறது. பாட்டில் இன்னும் அலமாரியில் இருக்கிறது.

மதுரையில் கோட்டை மதித்தவன்

ஒரு நாள் மாத்திரை வாங்கக் காளவாசலுக்கு மனைவி வசந்தாவோடு போனேன். ரோட்டைக் கடக்க வேண்டும். ஓரத்திலேயே கால் ஒட்டிக்கொண்டது. சிக்னல் ஒரு முறை மாறி, இன்னொரு முறையும் மாறியது. ஒரு ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "பெருசு, போறீகளா, இல்ல அங்கயே கொடி ஏத்தப் போறீகளா?" என்றார்.

அவமானத்தில் தலையைக் குனிந்தேன். காலுக்கு முன்னால், பாதி அழிந்துபோன வெள்ளைப் பட்டை ஒன்று தெரிந்தது. பாதசாரிகளுக்காகப் போட்டது. கால் தானாக எழுந்து அதைத் தாண்டியது. அடுத்த பட்டை. அதையும் தாண்டியது. மிடுக்காக நடந்து போனேன். வசந்தா பின்னால் ஓடி வந்தாள். அந்தப் பக்கம் பட்டை முடிந்த இடத்தில் மறுபடி நின்றுவிட்டேன்.

மதுரையில் அந்தக் கோடுகளை மதித்து நடந்தவன் அன்றைக்கு நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

டாக்டரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. இந்த நோயில் அப்படி உண்டாம். குறுக்கே ஒரு கோடு தெரிந்தால், கண் வேறு வழியாகக் காலுக்கு உத்தரவு அனுப்பிவிடுமாம். வழவழவென்று வெறுமையாகக் கிடக்கும் தரைதான் ஆபத்தாம்.

வீடு முழுக்கக் கறுப்பு டேப் ஒட்டிவிடலாம் என்றாள் வசந்தா. நான் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வருகிறவன் போகிறவனெல்லாம் என்ன ஏது என்று கேட்பான். கொஞ்சம் கத்தவும் செய்தேன். கத்தினாலும் என் குரல் இப்போது சமையலறை வரைக்கும்தான் போகும்.

இதையெல்லாம் அய்யா ஈஸிசேரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்தா, தாண்டு

அம்மா போன பிறகு அய்யா எங்களோடுதான் இருந்தார். எண்பத்தைந்தைத் தாண்டிய மனிதர். காட்டு வேலை செய்த உடம்பு. கையில் ஒரு வேலங்கம்பு. பிடித்துப் பிடித்து அதன் தலை பளபளத்துக் கிடந்தது. டைல்ஸில் வழுக்கக் கூடாதென்று அடியில் ரப்பர் மாட்டிக் கொடுத்தேன். சத்தம் வரவில்லை என்று கழற்றிப் போட்டுவிட்டார். டொக், டொக் என்று விடியற்காலையில் அது கூடத்தில் நடக்கும் சத்தத்தில்தான் எனக்கு முழிப்பு வரும்.

அப்பன் நடக்க, மகன் நிற்கிற வீடு எங்கள் வீடு. அதை நினைத்து நான் எத்தனையோ காலை வேளைகளில் படுக்கையை விட்டு எழ மனமில்லாமல் கிடந்திருக்கிறேன்.

டேப் பேச்சு நடந்த மறுநாள் குளியலறை வாசலில் நின்றுவிட்டேன். பின்னால் டொக் டொக் வந்தது. அய்யா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். முக்கிக்கொண்டே அந்தக் கம்பை என் கால்விரலுக்கு முன்னால் குறுக்கே போட்டார்.

"இந்தா, தாண்டு."

தாண்டினேன். அவர் மறுபடி குனிந்து கம்பை எடுத்துக்கொண்டார். எடுக்கும்போது இடுப்பு வலியில் "ஸ்ஸ்" என்றார். நான் போடுகிறேன் மாமா என்று வசந்தா வந்தால் விடமாட்டார். "நீ ஒலையப் பாரு தாயி. இது எங்க சோலி" என்பார்.

அப்புறம் சாயங்காலம் தெருவில் நடை. அவர் முன்னால், நான் பின்னால். என் செருப்புச் சத்தம் நின்றால் திரும்பி வருவார், கம்பைப் போடுவார், எடுப்பார், போவார். தெருமுனைக் கடைக்காரர் ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"என்னய்யா, இந்த வயசுல மகனுக்கு நடை பழக்குறீகளா?"

"ஆமப்பா. மொதத் தடவ இவங்க ஆத்தா பழக்குனா. நான் காட்டுல கெடந்தேன், பாக்கக் குடுத்துவைக்கல. இப்பத்தான் வாச்சுது."

நான் கடையில் தொங்கிய வாழைத்தாரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் முகத்தைப் பார்த்தால் அழுதிருப்பேன்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. இரண்டு காலோடு மூன்றாவதாகக் கம்பும் ஊன்றியிருந்தால் மனிதர் விழமாட்டார். ஊன்றுகிற இடம் அகலமாக இருக்கும். கம்பைக் கீழே போட்டுவிட்டால் அந்த அகலம் சுருங்கிவிடுகிறது. சின்னத் தள்ளாட்டம் போதும். இதை அவரிடம் சொன்னேன்.

"கம்பு கீழ கெடந்தா நீங்க எதைய்யா பிடிச்சு நிப்பீக?"

"நீ தாண்டுற வரைக்கும் நான் நிக்க மாட்டேனாடா?" என்றார்.

அதே வாரத்தில்தான் என்று நினைக்கிறேன், காபியை ஆற்றிக்கொண்டே திடீரென்று சொன்னார். "பெரியவனே, ஏங் கொடத்த நீதான் எடுக்கணும். நடுவுல நின்னு தொலைச்சுராத."

"நிக்க மாட்டேன்யா."

"அங்கன கம்பு போட ஆளு?"

"தம்பி போடுவான்."

"ம்" என்று காபியைக் குடித்தார். அவருக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு ஒரு காலையில் டொக் டொக் கேட்கவில்லை. வெளிச்சம் வந்த பிறகும் கேட்கவில்லை. நான் கட்டிலிலிருந்து இறங்கி, அவர் அறை வாசல் வரை போய், அங்கேயே நின்றுவிட்டேன். உள்ளே போக முடியவில்லை. வசந்தாதான் என்னைத் தாண்டிப் போய் அவரைத் தொட்டுப் பார்த்தாள்.

ஒரு கல்லுகூட இல்லை

ஊருக்குக் கொண்டுபோனோம். வீட்டில், அய்யாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரும் நீர்மாலைக்குக் கிளம்பும் முன்பே செல்லப்பாண்டியைத் தனியாகக் கூப்பிட்டேன். "அய்யா கம்பை எடுத்து வச்சுக்கடா. நான் நின்னுட்டா முன்னால குறுக்க போடு, போதும். கையப் பிடிக்காத." அவன் அழுதுகொண்டே தலையை ஆட்டினான். காதில் விழுந்ததா என்பதே எனக்குச் சந்தேகம்.

அவனும் என் காலை நினைத்துத்தான் காலையிலிருந்து அலைந்திருக்கிறான். இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு மண்வெட்டியோடு போய், சிதையைச் சுற்றி வருகிற பாதை முழுவதையும் செதுக்கியிருந்தான். முள், வேர், கல், மேடு, பள்ளம் எதுவும் இல்லை. விளக்குமாறு போட்டுப் பெருக்கி, நெல் அடிக்கிற களம் மாதிரி ஆக்கி வைத்திருந்தான். கண்மாய்ப் பக்கம் இறங்கிப் போகும் சரிவை மட்டும் அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"ஒனக்காகத்தாண்ணே. ஒரு கல்லுகூட இல்ல. தடுக்காது."

டாக்டர் ஆபத்து என்று சொன்ன வெறுந்தரை அதுதான். ஒரு வேர், ஒரு சுள்ளி கிடந்தாலும் தாண்டியிருப்பேன். ஆனால் அவன் முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது? "நல்லா இருக்குடா" என்றேன்.

"கம்பு எங்க?"

அவன் சிதையைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அய்யாவின் வலது பக்கத்தில், எருக்களுக்கு நடுவே, பளபளத்த அந்தத் தலை மட்டும் தெரிந்தது. அவர் புழங்கிய சாமான் அவரோடு போக வேண்டும் என்று சித்தப்பா எடுத்துப் பாடையில் வைத்துவிட்டாராம்.

"எடுத்தா ஆகாதுங்கிறாரு சித்தப்பா" என்றான் செல்லப்பாண்டி.

"விடு."

அதற்குப் பிறகுதான் அந்தப் பாதிக் குடம் வந்தது. பாதிக் குடத்தில் தண்ணீருக்கு ஆட இடம் இருக்கும். நான் ஒரு பக்கம் சாய்ந்தால் தண்ணீரும் அந்தப் பக்கம் ஓடி இன்னும் சாய்க்கும். என் எடையை நிறுத்தவே எனக்குத் தெரியவில்லை, அதையும் சேர்த்து எங்கே நிறுத்துவது? கழுத்து வரை நிறைந்திருந்தால் கனக்கும், ஆனால் பேசாமல் இருக்கும். இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க அது வகுப்பறை இல்லை. அதனால்தான் அதட்டினேன். முனகிக்கொண்டே நிறைத்து வந்து தோளில் ஏற்றினான். தோள் இறங்கியது. குடம் ஆடவில்லை.

இரண்டாவது சுற்று

முதல் சுற்று நன்றாகப் போனது. கொட்டுச் சத்தம் விட்டு விட்டு விழுந்தது, அதற்குக் கால் கொடுத்தேன். சித்தப்பா பின்னால் அரிவாளோடு வந்தார். டக். குடத்தில் ஓட்டை விழுந்தது. பின்னால், சிதைப் பக்கமாகத் தண்ணீர் பீச்சியது. கொஞ்சம் என் முதுகிலும் வழிந்தது. அவர் அதைப் புறங்கையால் அய்யாமேல் தெளித்துக்கொண்டே வந்தார்.

இரண்டாவது சுற்றில், அய்யாவின் கால்மாட்டில், இன்னொரு டக். அதே இடத்தில் என் கால் நின்றது.

கீழே பார்த்தேன். பெருக்கிய தரை. பார்க்க ஒன்றுமே இல்லை.

"நடப்பா, நிக்கக் கூடாது" என்றார் சித்தப்பா.

"என்னாச்சு?"

"தள்ளி விடுங்கப்பா மெதுவா."

யாரோ முதுகில் கை வைத்தார்கள். குடம் முன்னால் சாய்ந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "கோடு... ஒரு கோடு போடுங்க" என்றேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். கொட்டுச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

செல்லப்பாண்டி முன்னால் ஓடி வந்தான். "என்னண்ணே? என்ன வேணும்? தெரியலண்ணே, சத்தமாச் சொல்லு." என் வாயையே பார்த்தான். அப்புறம் இரண்டு கையையும் நீட்டினான். "குடுண்ணே. நான் தூக்குறேன். அய்யா ஒண்ணும் நெனைக்க மாட்டாரு."

பின்னால் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. தோளில் கனம் குறைவது தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் குடம் காலியாகிவிடும். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது. அய்யாமேல்தான் ஆத்திரம். நான் தாண்டுகிற வரைக்கும் நிற்பேன் என்று சொன்னாரே. இப்போது கம்பையும் தன்னோடு வைத்துக்கொண்டு கிடக்கிறாரே.

முடியாது, கொடுத்துவிடலாம் என்று குடத்தைத் தோளிலிருந்து சரிக்கப் போனேன்.

அப்போது கால்பெருவிரலுக்கு முன்னால் ஏதோ நகர்ந்தது.

தண்ணீர். பின்னால் இடப்பக்கம் விழுந்த தண்ணீர், சிதை மேட்டிலிருந்து இறங்கி, சரிவு போன போக்கில் கண்மாயைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. பெருக்கிய தூசியையும் இரண்டு மூன்று எருத்துணுக்கையும் உருட்டிக்கொண்டு, என் காலுக்கு முன்னால் இடமிருந்து வலமாகக் குறுக்கே ஓடியது. காய்ந்த மண்ணில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. ஒரு கம்பு அகலம்தான் இருக்கும்.

தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும். அதற்குமேல் அதில் எதுவும் இல்லை, எனக்குத் தெரியும். பாதிக் குடம் என்றால் அவ்வளவு தூரம் வந்திருக்காது, வழியிலேயே மண் குடித்திருக்கும். அதுவும் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்த இடத்தில் எனக்குக் கேட்டது ஒன்றுதான்.

இந்தா, தாண்டு.

தாண்டினேன்.

மூன்றாவது சுற்றில் ஓட்டை போட்டபோது தண்ணீருக்குப் பீச்ச வலுவில்லை. குடத்தை ஒட்டியே வழிந்து என் குதிகாலை நனைத்தது. தலைமாட்டில் வந்து நின்று, குடத்தைப் பின்னால் விட்டேன். உடைந்தது. கையில் கொள்ளியைக் கொடுத்தார்கள், முதுகைக் காட்டியபடியே வைத்தேன்.

"திரும்பிப் பாக்காமப் போயிரு" என்றார் சித்தப்பா. திரும்புவதுதான் எனக்கு இருப்பதிலேயே கஷ்டமான வேலை என்பது அவருக்குத் தெரியாது. பச்சை வேலங்கம்பு எரிந்தால் வெடிக்கும். அது காய்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. பின்னால் ஒரு சத்தமும் வரவில்லை.

டேப்

காரியமெல்லாம் முடிந்து மதுரைக்கு வந்த பிறகு, வசந்தா என்னைக் கேட்காமலே வீடெங்கும் கறுப்பு டேப் ஒட்டினாள். நான் கத்தவில்லை.

செல்லப்பாண்டி ஒரு நாள் வந்தான். குளியலறை வாசலில் குறுக்கே ஒட்டியிருந்ததைப் பார்த்து என்னவென்று கேட்டான். வசந்தா எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னாள். சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒரு கல்லையாவது விட்டு வச்சிருக்கணும்லண்ணே" என்றான்.

"நல்லாத்தாண்டா பெருக்கியிருந்த. அதனாலதான் தண்ணி ஒழுங்கா ஓடுச்சு" என்றேன். அதுவும் உண்மைதான்.

டேப் நன்றாகவே வேலை செய்கிறது. காலையில் குளியலறை வாசலில் கால் நிற்கிறது, கோடு தெரிகிறது, கால் எழுகிறது, தாண்டுகிறேன். நோய்க்கு அது போதும்.

தாண்டிய பிறகுதான் நிற்கிறேன். பின்னால் யாரோ முக்கிக்கொண்டு குனிந்து, "ஸ்ஸ்" என்று சொல்லி, அதை எடுத்துக்கொள்ளட்டும் என்று.